குளித்துவிட்டு வா, நைனா

என் நைனாவுக்கு,

நேற்று சென்னையில் ஒரு கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தேன். குழந்தை வளர்ச்சி உளவியலில் உதவிப் பேராசிரியர் வேலை. நிரந்தர இடம், அதுவும் ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் தற்காலிக வேலைக்காக அல்லாடும் உன் மகளுக்கு அது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டுமா? இன்று முடிவு சொல்வார்கள். போனைக் குப்புற வைத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு வீடியோ போட்டார்கள். நம் கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் எடுத்தது. கம்பெனி யூனிபார்மோடு அம்மா உள்ளே வருகிறாள். குழந்தை ஓடிப் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று அவளையே பார்க்கிறது. இந்தக் குழந்தையைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். தாயோடு ஒட்டுதல் குறைவு என்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

"ஒட்டுதல் குறைவுன்னு சொல்ல மாட்டேன் சார். வேலையிலேருந்து வந்தவங்கள எப்ப தொடலாம்னு அந்த வீட்ல முதல்ல கேப்பேன்" என்றேன்.

குழுத் தலைவர் பேனாவை மூடினார். "இதுக்குப் பதில் பி.ஏ. பசங்களுக்கே தெரியுமேம்மா. மாத்திச் சொல்றதுன்னா சொல்லுங்க."

அந்த நேரம் உன் சைக்கிள்தான் கண்முன் வந்தது. ஈயம் உருக்கும் கம்பெனியிலிருந்து அந்த விஷத் தூசியோடு வந்ததும் வாசலிலேயே கத்துவாயே: "கிட்ட வராத கண்ணு! கையப் பின்னால கட்டிக்கினு அங்கியே நில்லு. குளிச்சிட்டு தூக்கிக்கறேன்!" நீ தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கும்வரை நான் நகர மாட்டேன். அப்போது யாராவது என்னைப் பார்த்து எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்?

"மாத்தல சார்" என்றேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள். "இன்னாடி, புக்குல இருக்கறத சொல்லிட்டு வர்றதுக்கு இன்னா? வேல வந்தப்புறம் உன் நாயத்தப் பேசிக்கினா ஆவாதா?" அவள் கேட்பதும் சரிதான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நான் வீம்பு பிடித்துக் கெடுத்துக்கொண்டேனா?

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோதும் நான் கிட்டே வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். உன்னைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் ஓடி வந்தேன். நீதான் தூக்கவில்லை.

போன் அதிர்கிறது, நைனா. அவர்கள் என்ன சொன்னாலும் சரி, என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஒரு குழந்தையைப் பற்றி எழுதுமுன் அந்த வீட்டு வாசல்வரை போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். இது உன்மேல் சத்தியம்.

நீ சொன்ன இடத்திலேயே நிற்கும்
உன் மகள்