வெல்லம் சேராத பிஸ்கோத்து

திருத்தணி
4-9-45

அன்புள்ள அக்கா வள்ளியம்மாளுக்கு,

தங்கை காஞ்சனா நமஸ்கரித்து எழுதுவது. உன் குழந்தைகள் இருவரும் நானும் சௌக்கியம். உன் இருமலும் மாலை ஜுரமும் எப்படி இருக்கின்றன? மதனப்பள்ளி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்கு வெயில் வருகிறதா? தான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை என்று உன் வீட்டுக்காரர் பாவா நேற்று சொன்னார். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

இத்துடன் ஒரு தகர டப்பா வருகிறது. உள்ளே பதினோரு பிஸ்கோத்துகள். உன் பிள்ளைகள் செய்தவை. சர்க்கரையோ வெல்லமோ துளியும் கிடையாது. சண்டை முடிந்தும் ரேஷன் முடியவில்லைதான், ஆனால் காரணம் அதுவல்ல.

ஆடிக் கிருத்திகையன்று மலைமேல் சின்னவன் எல்லப்பன் யாரையும் கேட்காமல் நேர்ந்துகொண்டான். நீ வீடு திரும்பும்வரை சர்க்கரையும் வெல்லமும் தொடுவதில்லையாம். ஆறு வயதுக்கு அது பெரிய வைராக்கியம். ஒரு மாதம் சாதித்தான். போன வாரக் கிருத்திகைக்கு மறுபடி போனோம். குருக்கள் பஞ்சாமிர்தம் கொடுத்தார். பழக்கதோஷம், வாங்கிக் கண்ணில் ஒற்றி நக்கிவிட்டான். பாதிப் படி இறங்கிய பிறகுதான் அதில் வெல்லம் உண்டென்பது நினைவுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "அம்மா இனிமே வராது சித்தி, நான்தான் கெடுத்துட்டேன்" என்று ஒரே அழுகை. திரும்ப மேலே அழைத்துப் போனேன். "சாமி குடுத்தது கணக்குல வராதுடா" என்று குருக்கள் சிரித்தார். இவனா கேட்பான்? "நேர்ந்துகினது நானு, அவருக்கு இன்னா தெரியும்?" என்கிறான்.

அன்றிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும் சந்தேகம். சோற்றைக்கூட முகர்ந்து பார்க்கிறான். இளைத்துவிட்டான். அவன் கண்ணெதிரே, அவன் கையாலேயே எதையாவது செய்ய வைத்தால் சாப்பிடுவான் என்று தோன்றியது.

ரேஷன் கோதுமையை என்ன செய்வதென்று ஊரே விழித்துக்கொண்டிருக்கிறது. அதை அரைத்து வைத்திருந்தேன். பூவன் பழத்தை எல்லப்பன் பிசைந்தான், சந்திரா உலர்ந்த திராட்சையைக் கிள்ளிப் போட்டாள். கொஞ்சம் வெண்ணெய், ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. டம்ளர் விளிம்பால் வட்டம் வட்டமாக வெட்டினார்கள். பக்கத்து வீட்டு கைசர் ஜஹான் அக்கா வந்து, பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, மூடிமேல் கங்கு போடக் கற்றுக்கொடுத்தார். முதல் ஈடு கரிந்தது. "நல்லா கீது, பல்லு தேய்க்க ஆவும்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

"வாழப்பழமும் தித்திப்புதான்டா" என்று சந்திரா சீண்டினாள். "பழத்துக்குள்ள யாரும் போட்டு வெக்கல, அது தானாவே கீது" என்று அவன் கத்தினான். ஒன்பது வயது மேதாவி ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டாள். நான் எத்தனையோ படித்திருக்கிறேன், அந்த வாதத்தை எங்கும் பார்த்ததில்லை.

ஆனாலும் அவன் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை, அக்கா. எல்லாவற்றையும் டப்பாவில் அடுக்கினான். "நேர்ந்தது கெடலன்னு அம்மா எழுதட்டும், அப்பால துன்றேன்" என்கிறான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கையெழுத்து எனக்கு அச்சாக வரும்; சின்ன வயதில் உன் நோட்டுகளை யார் எழுதியது? நேற்று கார்டை எடுத்து "கண்ணு எல்லப்பா" என்பதுவரை எழுதினேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அடுப்பில் போட்டேன்.

பிஸ்கோத்தை உன்னால் மெல்ல முடியாவிட்டால் பாலில் ஊறவைத்துக்கொள். அதுவும் வேண்டாம் என்றால் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடு. அவனுக்கு மட்டும் ஒரு வரி எழுது. பேனா கனமாக இருந்தால் பென்சில் போதும். எழுத்து கோணிக்கொண்டு போகட்டும், பாதியில் நிற்கட்டும். மீதியை நான் அவனுக்குப் படித்துச் சொல்லிக்கொள்கிறேன். தணிகைவேலன் உன் கைக்கு அந்த அளவு பலம் தரட்டும்.

தபால்காரனை வாசலில் நின்று எதிர்பார்த்திருக்கும்,
காஞ்சனா