ஆள் உயரக் கல்

11 பிப்ரவரி 1979, ஞாயிறு

கல்லைக் காணோம்.

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ராணுவக்காரர்களுக்கென்று சபை ஒதுக்கிய மூலையில் மூன்று கல் நிற்கும். இன்று இரண்டுதான் நின்றன. என் வீட்டுக்காரர் கல் இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. கடப்பாரையால் நெம்பிய தடம், பக்கத்தில் லாரி டயர் தடம். திருடியவன் அவசரப்படக்கூட இல்லை. குழி ஓரமாக உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

பதினாலு வருஷத்துக்கு முன் லாகூர் பக்கம் சண்டையில் அவர் இறந்தபோது உடம்பு வரவில்லை. ஒரு தந்தி வந்தது. அப்புறம் ஒரு தகரப்பெட்டி, அதில் இரண்டு சட்டையும் சவரக் கத்தியும். "ஆள்தான் வரல, ஆள் உயரத்துக்காவது ஒரு கல்லு நிக்கட்டும்" என்று அவருடைய பட்டாளத்துக் கூட்டாளிகள் சொல்லி நட்ட கருங்கல் அது. லான்ஸ் நாயக் ஏசுதாசன். பேர், நம்பர், அடியில் 'போரில் மாண்டவர் 1965'. எனக்கு இந்த ஊரில் சாய்ந்து நிற்க அது ஒன்றுதான் இருந்தது.

12 பிப்ரவரி

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்: "கல்லு யார் பேர்ல இருக்கு? ஒங்க பேர்லயா, சர்ச் பேர்லயா?" என் புருஷன் பேரில் இருக்கிறது என்றேன். சிரித்தார். சபைச் செயலாளர் கடிதம் கொடுத்தால்தான் புகாரை எழுதிக்கொள்வாராம்.

செயலாளர் ஞானதுரை கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். துணியைக் கிழித்துக்கொண்டே பேசினார், முகத்தைப் பார்க்கவில்லை. "கோவிச்சுக்காதீக கிருபாவதியம்மா. அடியில ஒண்ணும் இல்லையே, வெறுங் கல்லுதான. போலீசு கேசுன்னு போனா சபை பேரு கெட்டுப்போகும். ஜெபம் பண்ணுவோம்."

அடியில் ஒண்ணும் இல்லையாம். இல்லாததுனாலதான்யா கல்லு. அதுகூடவா தெரியாது இந்த மனுசனுக்கு?

14 பிப்ரவரி

கடிதம் தரவில்லை. தரமாட்டார்.

20 பிப்ரவரி

இன்று ஒரு தப்புச் செய்தேன். வருத்தம் இல்லை.

அவர் போனபிறகு கிடைத்த இந்த டெலிபோன் ஆபரேட்டர் வேலையில், பன்னிரண்டு வருஷமாக யார் பேச்சையும் நான் ஒட்டுக் கேட்டதில்லை. காலையில் கம்பம் ஊர்க் கமிஷன் கடை ஒன்றிலிருந்து இங்குள்ள லாரி ஆபீசுக்கு டிரங்க் கால். லைன் கிடைத்ததா என்று பார்க்க ஒரு நொடி காதில் வாங்கினேன். வாங்கியவள் விடவில்லை.

"நீங்க அனுப்புன பந்தக்காலுல எழுத்து வெட்டியிருக்குய்யா. வீட்டுக்காரி பயப்படுறா. வேற கல்லு அனுப்புங்க."

"ஒமக்கு திராட்சைப் பந்தலுக்குக் கால் வேணுமா, படிக்கிறதுக்குப் பேப்பர் வேணுமா?"

அந்த இரண்டாவது குரல் மொக்கைச்சாமி. பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கல்தூண் விற்கிறவன். ஆள் உயரக் கல் என்றால் அவனுக்குப் பந்தல் கால். அடுத்து வந்த டிரங்க் காலைத் தப்பான ஊருக்குப் போட்டுத் திட்டு வாங்கினேன். மத்தியானம் அந்தக் கமிஷன் கடைக்கு நானே பேசி, காலையில் பேசியவர் யார் என்று விசாரித்தேன். சுருளியாண்டி, தோட்டக்காரர்.

25 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. கம்பம் பஸ் ஏறினேன்.

சுருளியாண்டி தோட்டத்தில் கல்லைத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். பேர் மண்ணுக்குள். மேலே கம்பி கட்டிய இடத்துக்குக் கீழே 'போரில் மாண்டவர்' கவிழ்ந்து கிடக்கிறது. அதன் மேல் மஞ்சள், குங்குமம், வாடின கதம்பம். கீழே சூடம் எரிந்த கரி.

என்னை மீறிக் கத்திவிட்டேன். "எம் புருஷனத் தலகீழா நட்டு வச்சிருக்கீகளே, நீங்கல்லாம் மனுசரா?" சுருளியாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தெரியாமப் போச்சு ஆத்தா. ஒடஞ்ச காலுக்கு மாத்தா வாங்குனது. நட்ட பெறகு கழுத்தச் சாச்சு வாசிச்சேன். அப்பத்தான் சண்டையில பட்டவருன்னு தெரிஞ்சது."

வெட்டுப்பட்டோ குண்டடிபட்டோ செத்தவரை இவர்கள் பட்டவர் என்று கும்பிடுகிறார்கள். சுருளியாண்டி மனைவி கருத்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பட்டவுகளச் சும்மா நிறுத்தி வைக்கலாமா? வெள்ளிக்கு வெள்ளி வெளக்குப் போடுறேன். பேருதான் தெரியல." சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் சாமி இல்லை. காப்பியில் சர்க்கரை குறைந்தால் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுசன். இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தர்கூடக் கேட்காத பேரை அவள்தானே கேட்டாள்.

பந்தல் நிறையக் காய். இப்போது காலை எடுத்தால் பந்தல் சரியும். காய் இறங்கியதும் தானே வண்டி வைத்துக் கொண்டுவருவதாகச் சுருளியாண்டி சொன்னார்.

4 மார்ச்

சபைக் கமிட்டியில் போய், கல் கிடைத்துவிட்டது என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். குங்குமம் பூசியிருப்பதையும் சொன்னேன்.

"பூசை பண்ணுன கல்ல நம்ம தோட்டத்துக்குள்ள எப்படிம்மா விடுறது?" என்றார் ஞானதுரை. கழுவிவிட்டு நடுவோம் என்றேன். "கழுவுனாலும் பூசை பூசைதான்."

காணாமல் போனபோது வெறுங்கல். கிடைத்தபோது விக்கிரகம். என்ன நாக்குடா சாமி இவர்களுக்கு. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வந்தேன். கால் பெருவிரல் வீங்கியிருக்கிறது.

6 மார்ச்

மொக்கைச்சாமி லாரி ஷெட். திருட்டுக் கல் இல்லையென்று அவன் மறுக்கக்கூட இல்லை. "ஆளுக கொண்டாந்து போடுறாக, நான் அனுப்புறேன். எங்கன எடுத்தாகன்னு கேக்குறதில்ல."

கோயில் கல்லைக் கொண்டுவந்தாலும் வாங்குவீர்களா என்றேன். அதற்குத்தான் அவனுக்குக் கோபம் வந்தது. "அதத் தொடுவனா? மஞ்ச குங்குமம் பட்ட கல்லுன்னா எம் பயலுகளும் கிட்டப் போக மாட்டானுக. குடும்பம் வெளங்காது. ஒங்க ஆளுக கல்லுல என்னம்மா இருக்கு, வெறும் எழுத்து."

வீடு வரும்வரை அதே பேச்சு மண்டைக்குள்.

11 மார்ச், ஞாயிறு

அடுத்த கல்லுக்குக் கடப்பாரை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மண் எடுத்தாயிற்று. கை வைத்தால் ஆடுகிறது.

ஜெபமணி, ஞானசிகாமணி. மீதி இரண்டு கல்லும் இவர்களுடையவை. பெரிய யுத்தத்தில் பர்மாவில் செத்தவர்கள். நான் பார்த்ததில்லை. இரண்டு குடும்பத்திலும் இன்று இந்த ஊரில் யாரும் இல்லை. ஞானதுரையிடம் ஓடினேன். "காவலுக்கு ஆள் போட முடியாதும்மா. அவுகளுக்குக் கேக்க ஆளே இல்லையே."

நான் கேட்கிறேன். நான் ஆள் இல்லையா?

12 மார்ச்

மஞ்சளும் குங்குமமும் வாங்கினேன். பொட்டு வைக்காத வேதக்காரி, அதிலும் தாலி அறுத்தவள். கடைக்காரர் இரண்டு தடவை ஏறிட்டுப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

13 மார்ச்

காலை எட்டு மணி, நல்ல வெளிச்சத்தில் பூசினேன். ஒளிந்து செய்ய இது திருட்டு இல்லை. மஞ்சளைக் குழைத்து இரண்டு கல்லிலும் நெஞ்சு உயரத்துக்கு அப்பி, மேலே குங்குமம். கை கூசியது. அம்மா இருந்தால் அந்தக் கையிலேயே அடித்திருப்பாள். கும்பிடவில்லை. கர்த்தரிடம் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

18 மார்ச், ஞாயிறு

நற்கருணைக்கு முழங்காலில் நின்றேன். போதகர் என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தார். கமிட்டி தீர்மானமாம். கல் திருடியவனுக்கு ஒரு தீர்மானமும் இல்லை.

கல்லைக் கழுவச் சொல்லிக் குழி வெட்டுகிற அழகுமலையை ஏவினாராம் ஞானதுரை. "வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் சரி, அதுல கை வைக்க மாட்டேன்" என்றானாம். ஞானதுரையும் போய்க் கழுவவில்லை. ஏனாம்?

1 ஏப்ரல்

சுருளியாண்டி போன் பண்ணினார். காய் இறங்கிவிட்டது, கல்லை எங்கன கொண்டாந்து எறக்கட்டும் என்று கேட்டார். இங்கே எடம் இல்லை, உங்களிடமே இருக்கட்டும், நேராக நிமிர்த்தி மட்டும் நட்டுவிடுங்கள் என்றேன். "அது நேத்தே நட்டாச்சு ஆத்தா. வீட்டுக்காரி பேரத் தொடச்சு வச்சிருக்கா."

டெலிபோன் போர்டில் நாலைந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து லைன் கொடுத்தேன்.

15 ஏப்ரல், ஈஸ்டர்

நற்கருணை இன்றும் எனக்கு இல்லை. கல்லறைத் தோட்டத்து ஆராதனைக்குப் போனேன், அங்கிருந்து என்னை யாரும் விரட்ட முடியாது.

ஞானதுரையின் அப்பா கல்லறை மேலிருந்த பளிங்குப் பலகையைக் காணோம். பேர்த்து எடுத்த சிமெண்டு மட்டும் கிடந்தது. பத்து மணிக்கெல்லாம் ஸ்டேஷனுக்குச் சபைக் கடிதம் போய்விட்டது. எனக்கு இரண்டு மாசமாக வராத கடிதம். ஜெபமணியும் ஞானசிகாமணியும் மஞ்சளோடு நின்றார்கள். பக்கத்தில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

மத்தியானம் ஞானதுரையின் மனைவி அன்னத்தாய் வந்தாள். பின்வாசல் வழியாக வந்தாள். மாமனார் பலகை போய்விட்டது, மாமியார் கல்லறைப் பலகை இன்னும் இருக்கிறதாம். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, அந்தக் குங்குமம் மிச்சம் இருக்கா? நான் கடையில போயி வாங்குனா ஊரே பாக்கும்."

ஞானதுரை அனுப்பினாரா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். எவ்வளவு பூச வேண்டும் என்று கேட்டாள்.

"நெறையப் பூசு" என்றேன். "பஸ்ஸுல போறவுகளுக்கும் தெரியணும்."