கேம் பெட்டிக்கு யார் பங்காளி?

வீடியோ கேம் பெட்டியைக் கழற்றியதற்காக நேற்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்த கணவன் எழுவதற்குள், குன்றக்குடிக்குக் கிளம்பிய மெய்யம்மை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு:

பணியாரம் ஹாட்பாக்ஸில இருக்கு. சாவி ஆணியில தொங்குது.

ஏசிக்காகப் பூர்வீக வீட்டுப் பொதுச் சுவத்துல ஓட்டை போட்டீகள்ல, அதைப் பார்க்கப் பங்காளிகள்ல மூத்தவுகளான உங்க பெரியப்பச்சி வாராக. பங்காளிககிட்ட ஒரு வார்த்தை கேக்காம "என் அறை, என் இஷ்டம்"னீக. நான் பெட்டியைக் கழட்டிப் ஆட்டமெல்லாம் சேமிக்கப் பெரிய டிஸ்க் மாட்டினா மட்டும் "பெட்டி செஞ்ச கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான்"னு குதிக்கிறீக. நாம காசு குடுத்து வாங்கின பெட்டியில அவன் என்ன பங்காளியா?

பி.கு.: பெட்டி ஜோரா ஓடுது. நீங்க ஜெயிச்ச ஆட்டமெல்லாம் பத்திரமா இருக்கு.

இன்னொண்ணு: நானாவது பங்காளியைக் கேட்டுட்டுத்தான் கழட்டினேன். பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சதே உங்க பெரியப்பச்சிதான்.