நான்கு மணி நேரம் உன் ஊரில்

என் சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், வீட்டில் அப்பா முழங்காலைத் தவிர மற்றபடி நலம், அக்காவும் பிள்ளைகளும் நலம். நீயும் நலம் என்று ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் சொல்கிறாய், அதை நம்புவதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உனக்குப் பதிலாக உன் சிநேகிதன் ஒட்டடைக்குச்சியின் கல்யாணத்துக்கு வந்து, பார்த்து, வாழ்த்தி, வயிறு முட்டச் சாப்பிட்டும் ஆயிற்று. சனிக்கிழமை கல்யாணம், இன்று திங்கள். அவன் வீட்டு மாடியறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிகாரத்தில் காலை பத்து மணி, ஆனால் என் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பு இங்கே வந்துவிட்டது, தூக்கம் இன்னும் வழியில் எங்கேயோ பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்கிறது. மூன்று நாளாகத் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி நடக்கிறேன், யார் பேசினாலும் அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அது தொண்டையிலேயே நிற்கும். வருகிற வழியில் என் விமானம் உன் ஊரில் இறங்கியது. நான்கு மணி நேரம் உன் ஊரில் இருந்தேன். உன்னைக் கூப்பிடவில்லை. பதறாதே, கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு போனை எடுக்காதே, கடைசி வரை படி.

நேராக வருகிற விமானமும் இருந்தது. அக்கா அதைத்தான் பிடிக்கப் பார்த்தாள், நான்தான் உன் ஊர் வழியாகப் போகிறதில் போடச் சொன்னேன். எனக்கு இரண்டு தடவை விசா இல்லை என்று திருப்பி அனுப்பிய ஊர், உன் தங்கும் அனுமதிக் காகிதம் புதுப்பித்து வரும்வரை உன்னையும் வெளியே விடாத ஊர், அதன் தரையில் ஒரு தடவை கால் வைத்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. அக்கா படித்துப் படித்துச் சொன்னாள், வெளியே விடமாட்டார்கள், உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த விமானம் ஏற வேண்டியதுதான் என்று. அப்பாவும் சொன்னார். நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். எல்லா இடத்திலும் மனுஷர்கள்தானே, ஒரு அம்மா வந்து கெஞ்சினால் கால் மணி நேரம் விடமாட்டார்களா என்று ஒரு கணக்கு. உன்னிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது, வாசலுக்கு வந்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

விமானத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மேகத்துக்கு மேலே வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. இருபத்தெட்டு வருடமாக ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் படுக்கைவிரிப்புகளை எண்ணி மடித்து அடுக்குகிறவள் நான், இத்தனை வெள்ளையையும் யார் மடிப்பது என்றுதான் முதலில் தோன்றியது. சிரிக்காதே. அப்புறம் தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை, உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து என் மடியில் கிடந்த கனம் தொடையில் தெரிந்தது, கண்ணைத் திறந்தால் விமானக்காரர்கள் கொடுத்த போர்வை. உன் ஊர் மேல் விமானம் சாய்ந்து இறங்கியபோது ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். உன் கட்டடத்து உச்சியில் நீலத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாயே, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தால் ஊரில் ஒவ்வொரு கட்டடத்து மேலும் நீலத் தண்ணீர்த் தொட்டி. ஆனாலும் ஒன்றைப் பார்த்து இதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஏதோ ஒரு பிள்ளை படுத்துத் தூங்குகிற வீடாகத்தான் இருக்கும், பாதகமில்லை.

இறங்கியதும் நேராக வெளிவாசல் கவுண்டருக்குப் போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்த அதிகாரிக்கு. உன் படத்தைக் காட்டினேன், வாசலைக் காட்டினேன், ஐந்தே நிமிஷம் என்று ஐந்து விரலைக் காட்டினேன். அவன் என் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தான், எங்கேயாவது ஒரு முத்திரை ஒளிந்திருக்காதா என்று அவனே தேடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் முடியாது என்று தலையாட்டிவிட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவனோ எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், அதைக் குடித்தபோதுதான் அழுகை வந்துவிட்டது. ஊர் தெரியாத இடத்தில் நடுக்கூடத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவளை, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பார்த்துவிட்டு வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை, கேட்டாலும் எனக்குப் புரிந்திருக்காது. என்னை மாடிக்கு அழைத்துப் போய் வடக்குப் பக்கக் கோடியில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். கண்ணாடிக்கு எதிரே ஒரு சாலை தூரத்தில் கார் நிறுத்துகிற கட்டடத்தின் மொட்டைமாடி. அங்கே ஒரு ஆள் தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறான், இந்தப் பக்கம் ஒரு பெண் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கையாட்டுகிறாள். என்னைப் போல வெளியே போக முடியாதவர்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள் போலிருக்கிறது. துடைப்பவள் தன் துணியைக் காட்டி, மற்றக் கண்ணாடிகளுக்கு ஒரு விரலும் இந்தக் கண்ணாடிக்கு நான்கு விரலும் காட்டினாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை இதை மட்டும் துடைக்கிறாளாம், அவ்வளவு கைத்தடம், மூக்குத்தடம்.

அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். நீ லென்ஸ் தேய்க்கிற பட்டறையிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் அரை மணிதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய், எனக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்தது. போனில் உன் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அழுத்தவில்லை. வேலை நேரத்தில் உன்னை ஓடி வரவைத்துக் கண்ணாடி வழியாகக் காட்டி அழவைப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ வரமாட்டாய் என்று பயந்தேன். வேலை இருக்கிறது அம்மா, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அந்த ஒரே குரலில் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். உனக்குத் தெரியாது, நான்கு வருடமாக எனக்கு உன் மேல் ஒரு மனத்தாங்கல். நீ புறப்பட்ட அன்று விடிகாலை டாக்சியில் ஏறினவன், தெருமுனை திரும்பும்வரை ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒட்டடை மட்டும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனான். பெற்ற பிள்ளை பார்க்கவில்லை, கூட வழியனுப்பப் போனவன் பார்த்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் கூட. அன்று அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அதையே அசைபோட்டுவிட்டு, அடுத்த விமானத்தில் ஏறி வந்துவிட்டேன்.

இனி கல்யாணக் கதை. ஒட்டடை இன்னும் அப்படியேதான் இருக்கிறான், கோட்டு போட்டால் கோட்டு மாட்டியில் தொங்குகிற மாதிரிதான் இருக்கிறது. என்னைக் கண்டதும் குனிந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டான், அவன் குனிந்தால்தான் எனக்கு எட்டும். பெண் நல்ல பெண், கலகலப்பு, அவனை மேய்த்துவிடுவாள். நம் பாஷை அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்தன்று காலையில் கூடத்துக்குப் போனால், மேசைவிரிப்புகள் எல்லாம் கசங்கிச் சுருண்டு பெட்டியிலிருந்து வருகின்றன. நான் சும்மா இருப்பேனா. இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி நின்றுவிட்டேன். விருந்தாளி வேலை செய்யக் கூடாது என்று நாலு பேர் தடுத்தார்கள், யார் சொல்கிறார்கள் என்றே புரியாத மாதிரி பாவனை பண்ணினேன், பாஷை தெரியாததில் இது ஒரு வசதி. பெண்ணின் அம்மா வந்து மறுமுனையைப் பிடித்தாள். விரிப்பு மடிக்க ஒரு வார்த்தையும் வேண்டாம், இழுக்க வேண்டும், உதற வேண்டும், எதிரெதிரே நடந்து வந்து மூலையைக் கையில் கொடுக்க வேண்டும். பதினாலு விரிப்பு முடிவதற்குள் எங்கள் இருவருக்கும் சிநேகம் ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகி வீட்டை விட்டுப் போகிறாளே என்ற கலக்கம் அவளுக்கு, ஒவ்வொரு தடவை மூலையைக் கொடுக்கும்போதும் என் விரலை ஒரு நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள், கை தட்டினோம், அப்புறம் நீ திரையில் வந்தாய். உன் முகம் சுவர் அளவுக்கு வந்து, வணக்கம் என்று சொல்லி, அதோடு அப்படியே உறைந்து போயிற்று. ஐந்து நிமிஷம் பார்த்தார்கள், வரவில்லை. உன் பேச்சை வேறு யாரோ படித்துவிட்டார்கள் என்று மட்டும்தான் ஒட்டடை உன்னிடம் சொல்லியிருக்கிறான். படித்தது நான்தான். லைன் கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று நீ அவனுக்கு எழுதி அனுப்பி வைத்திருந்தாயே, அதை அச்சடித்து என் கையில் கொடுத்து, “நீங்களே படிங்கம்மா, அவன் குரல் உங்க குரல்தான்” என்றான். அவனுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஞாபகம் இல்லை போலிருக்கிறது, கல்யாணப் பதற்றம். நான் ஒரு வரி படிக்க, அவன் அதை அவர்கள் பாஷையில் சொல்ல, பள்ளிக்கூடத்து மதில் ஏறின கதைக்கெல்லாம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அந்த இடம் வந்தது.

“நான் ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு விமானம் மூணு மணி நேரம் லேட்டுன்னு போட்டாங்க. நான் போகலடான்னு சொல்லிட்டு அதே டாக்சியில திரும்பிட்டேன். தெருமுனையில இறங்கி நின்னா ஜன்னல்ல அம்மா. என் படுக்கைவிரிப்பைத் தனியா மடிச்சிட்டிருந்தாங்க, ஒரு ஓரத்தைத் தாடையில இடுக்கிக்கிட்டு. போய் மறுபக்கத்தைப் பிடிச்சிருந்தா இன்னைக்கும் அங்கதான் இருந்திருப்பேன். இவன்தான் என் சட்டையைப் பிடிச்சு டாக்சிக்குள்ள தள்ளினான். அதுக்காக இவனை நாலு வருஷமாத் திட்டிட்டே இருக்கேன்.”

படித்துவிட்டேன். குரல் எங்கே உடைந்தது என்று எனக்குத் தெரியவில்லை, கடைசி வரி வரை படித்தேன். ஒட்டடை அதை மட்டும் அவர்கள் பாஷையில் சொல்லவில்லை, என் கையிலிருந்த தாளைப் பார்த்தபடி நின்றான். பெண்ணின் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். சின்னவனே, அன்று நீ தெருமுனையில் நின்றாய். நான் தலையை நிமிர்த்தியிருந்தால் பார்த்திருப்பேன். திரும்பிப் பார்க்காதவன் என்று நான் நான்கு வருடம் மனதுக்குள் வைத்து வைத்துப் பேசினவன், திரும்பியே வந்திருக்கிறான். நீ உள்ளே வரவேண்டாம், போகாமல் இருக்கவும் வேண்டாம், அங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால் போதும், ஒரு கையை ஆட்டியிருப்பேன், நீயும் ஆட்டியிருப்பாய், இரண்டு பேரும் பிழைத்துப் போயிருப்போம். இது மனதில் பட்டதும், உன் ஊரில் நான் செய்ததும் அதேதான் என்று சுரீரென்றது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி உன் வாசலில் நின்றுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆகவே இதைக் கேள். திரும்பிப் போகும்போதும் என் விமானம் உன் ஊரில் நிற்கிறது. வியாழக்கிழமை பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை. போனில் சொன்னால் ஏம்மா ஏம்மா என்று நீ கத்துவாய், நான் அழுவேன், விஷயம் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வந்த பல் டாக்டர் பெண் உன் ஊர்க்காரி, நாளை சாயங்காலம் புறப்படுகிறாள், புதன்கிழமை பட்டறைக்கே வந்து உன் கையில் இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கொடுத்ததும் அவளுக்கு ஒரு காபியாவது வாங்கிக் கொடு. மேஸ்திரியிடம் வயிற்று வலி, பல் வலி என்று கதை கட்டாதே, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொல், அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பார். கார் நிறுத்தும் கட்டடத்தில் கடைசி மாடி, விமான நிலையத்தைப் பார்த்த பக்கம். மேலே நிழலே இல்லை, தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வா. சாப்பிட்டுவிட்டு வா. நான் பச்சைச் சால்வை போட்டிருப்பேன். நான்கு வருடத்தில் நீ எப்படி ஆகியிருக்கிறாய் என்று போனில் பார்த்தது சரிதானா தெரியாது, நான் சட்டென்று கண்டுகொள்ளாவிட்டால் கோபப்படாதே, கையை ஆட்டு. ஒருவேளை உனக்கு லீவு கிடைக்காமல் போனாலும் நான் தாங்கல் வைத்துக்கொள்ள மாட்டேன், அதெல்லாம் சனிக்கிழமையோடு தீர்ந்தது. ஆனாலும் ஐந்தரை வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

நீ எடுத்த காரியம் எல்லாம் கூடிவர, உன் காகிதம் சீக்கிரம் கைக்கு வர, உன் கண்ணும் கையும் களைக்காமல் இருக்க, அம்மா, அப்பா இரண்டு பேரின் ஆசியும் உனக்கு உண்டு. மறக்காதே, வியாழக்கிழமை, இரண்டு மணி.

மாடியில், வடக்குக் கோடிக் கண்ணாடிக்கு உள்பக்கம்,
உன் அம்மா