கழியில் படகு இல்லை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மலைகளையும் காற்றையும் வெறும் வடிவங்களாகவும் நிறங்களாகவும் வரைந்த பழைய அமெரிக்க ஓவியர் ஒருவரைப் பற்றி நூலகத்தில் படித்தேன். அவரைப்போலவே எங்கள் கத்திவாக்கம் உப்பங்கழியை வரைந்து, பள்ளிகளுக்கான ஓவியப் போட்டிக்குக் கொடுத்தேன். பழுப்பு வளைவுகள், நடுவில் சாம்பல் நிறப் பட்டை, அவ்வளவுதான்.

"இது என்னன்னே புரியலை. ஒரு படகாவது போட்டு நாளைக்குக் கொண்டா. இல்லைன்னா வேற பொண்ணோட படத்தை அனுப்பிடுவேன்" என்றார் ஓவிய மிஸ்.

சாயங்காலம், கழியில் இறால் பிடித்துவிட்டு வந்த அம்மா படத்தைப் பார்த்தாள். "இன்னாடி இது, கொழம்பக் கொட்டிட்டியா?" என்று சிரித்தாள். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை. படகை எங்கே போடலாம் என்று மட்டும் கேட்டேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். சாம்பல் பட்டையில் விரலை வைத்தாள். ஈர விரல், தடம் பதிந்துவிட்டது.

"இங்க காலு வச்சாலே முட்டி வரைக்கும் பொதையும். தண்ணி வேற எறங்கிக் கீது. இதுல எவன் படகு வுடுவான்?" என்று சொல்லிவிட்டுச் சோறு வைக்கப் போனாள்.

படகு வரையவில்லை. விரல் தடத்தையும் அழிக்கவில்லை. மிஸ் அனுப்புவாரா, தெரியவில்லை. படகு எங்கே என்று கேட்டால், தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சொல்வேன்.