மலர்ப் படிக்கு ஒரு வாக்கியம்

ஆவணி 9, வெள்ளி
விடிந்ததிலிருந்து மஞ்சு மூட்டம். எதிர்மேடு தெரியவில்லை. துணி மூன்று நாளாகக் காயவில்லை.

பேத்தி கீர்த்திக்கு வீட்டுப்பாடம். மூன்றாவது படிக்கிறாள். வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படி. டீச்சர் ஒரு சொல் கொடுப்பார், படிக்குத் தக்க வாக்கியம் எழுத வேண்டும். அரும்புக்கு இரண்டு சொல். மொட்டுக்குக் கொஞ்சம் நீளம். மலர் என்றால் 'ஏனென்றால்' போட்டுக் காரணமும் வேண்டும். இவள் மொட்டு. என் மகன் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவன் மகள் மொட்டிலேயே கிடந்தால் எனக்குத்தான் கேவலம். நான் அஞ்சாவது வரை படித்தவள். ஒருநாளும் கைநாட்டு வைத்ததில்லை.

"புத்தகத்தைப் பாக்காத கண்ணு. ஊட்டுல பாத்ததை எழுது. காரணம் தன்னால வரும்."

11, ஞாயிறு
மழை. சொல்: கதவு. எழுதியிருந்தாள்:
கதவு பெரியது.
அம்மா கதவைச் சாத்தினாள்.
அம்மா கதவைத் திறக்கவில்லை, ஏனென்றால் அப்பா பெல்ட்டோடு நின்றார்.

ஒரு பிழை இல்லை.

மருமகள் சுமதி இடக்கையால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் இன்னும் வீக்கம். வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னது நான்தான்.

ரப்பரால் அழித்தேன். 'ஏனென்றால் குளிராக இருந்தது' என்று எழுதச் சொன்னேன்.
"அன்னிக்குக் குளிரலையே அப்பத்தா."
"எழுது சாமி. டீச்சர் படிப்பாங்க."
சுமதி திரும்பிப் பார்த்தாள்.

12, திங்கள்
மலர் கிடைத்துவிட்டது! மகன் மிட்டாய் வாங்கி வந்தான். "எங்கம்மா நொம்பப் பெரிய வாத்தியாரம்மா" என்று கேலி. நானும் ஒன்று தின்றேன்.

15, வியாழன்
தூறல். உப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.
பஸ் ஸ்டாப்பில் டீச்சர்.
"ஏனுங்க பாட்டி, கீர்த்திக்கு என்னாச்சுங்க? என்ன சொல்லைக் குடுத்தாலும் குளிரா இருந்துச்சுன்னே எழுதுது. அரும்புக்கு இறக்கிட்டேனுங்க. ஊட்டுல ஏதாச்சும்..."
"ஒன்னுமில்லீங்க."
"அவங்கம்மா கை?"
"வழுக்கி விழுந்துட்டாளுங்க."
யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வந்து நோட்டைப் பார்த்தேன். மாடு ஓடியது, ஏனென்றால் குளிராக இருந்தது. பாட்டி மிட்டாய் தின்றாள், ஏனென்றால் குளிராக இருந்தது.

18, ஞாயிறு
நேற்றும் பெல்ட். சுவருக்கு இந்தப் பக்கம் நான். கட்டிலுக்கடியில் கீர்த்தி. இன்று சுமதிக்கு இடக்கையும் எழவில்லை. களி நான் கிண்டினேன்.

மத்தியானம். மகன் பைக்கில் டவுனுக்குப் போயிருந்தான். சொல்: கை. பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:
"நடந்ததை எழுதட்டுமா அப்பத்தா, நோட்டுக்குன்னு இருக்கறதை எழுதட்டுமா?"
ரப்பரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.
"நடந்ததை எழுது சாமி."

அம்மாவால் கை தூக்க முடியவில்லை, ஏனென்றால் அப்பா அடித்தார்.

கீழே பெற்றோர் கையெழுத்துக்குக் கோடு. எப்போதும் மகன் போடுவான். இன்று நான். முழுப் பெயர், இன்ஷியலோடு.

சுமதி எட்டிப் பார்த்தாள். "யாராச்சும் கேட்டா நீங்க நடந்ததைச் சொல்லுவீங்களா அத்தை?"
"கையெழுத்துப் போட்டுட்டேனே."

நோட்டு ராகி டப்பாவுக்குள், மகன் கண்ணில் படாமல். நாளை ஏழரை பஸ்ஸுக்கு மூன்று பேரும். முதலில் டீச்சர், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ்.

மேட்டில் பைக் சத்தம்.