மாமன் மடி

விளாங்குடி, மதுரை
6.4.2025

அன்புத் தம்பி நல்லகாமனுக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். உன் மச்சானுக்கு மட்டும் முழங்கால் வலி. அதைச் சாக்கிட்டுப் பத்திரிகை வைக்கப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். போனில் பேசினால், “அக்கா, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு யாரிடமோ இங்கிலீஷில் பேசப் போய்விடுகிறாய். அந்த ஒரு நிமிஷம் முடிந்து நீ திரும்பி வந்ததே இல்லை. அதனால்தான் தாளில் எழுதி, நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கை நிழல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொண்டு படி. ரோகிணியிடம் எடுக்கக் கொடுத்தால் படித்துவிடுவாள்.

ரோகிணி கல்யாணத்துக்கு வைகாசி 25, ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், பழங்காநத்தம் மண்டபம். இது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் முத்துக்குமரன் நீ இயக்கிய முதல் படத்தை எங்கேயோ தேடிப் பிடித்து ரோகிணியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். காதுகுத்துக் காட்சியில் வருகிற மூன்று வயசுக் குழந்தை தான்தான் என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவன் சும்மா இருக்காமல் அதில் குழந்தையை மடியில் வைத்திருக்கிற நடிகரைக் காட்டி, இவர் மடியில்தான் உனக்குக் காது குத்தினார்களா என்று கேட்டுவிட்டான். இவள் நேரே அடுப்படிக்கு வந்து நின்றாள். “அம்மா, அன்னைக்கு நான் யாரு மடியில உக்காந்திருந்தேன்?”

உன் மாமா மடியில்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே நிச்சயம் இல்லை என்று தெரிந்தது. ஷூட்டிங்கை விட்டு வர முடியாது என்று நீ சொன்னதும், அப்புறம் ஷூட்டிங்கையே கீழக்குயில்குடி அய்யனார் கோயிலுக்குக் கொண்டுவந்து நிஜக் காதுகுத்தையே காட்சியாக எடுத்ததும் நினைவிருக்கிறது. குத்துகிற நேரம் நினைவில் இல்லை. பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உன் மச்சான் பந்தியில் நின்றார். அதற்கப்புறம் அந்தப் படத்தை டிவியில் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். இப்போது கண்ணை மூடினால் அந்த நடிகர் மடிதான் தெரிகிறது.

இவள் சொல்கிறாள்: “அன்னைக்கே மாமா இல்லைன்னா, இன்னைக்கு எதுக்கு அவருக்காகக் காத்துக் கெடக்கணும்? மாமன் மாலைய சுருளி மாமா போடட்டும்.” சுருளி நல்லவன்தான். சித்தப்பா மகன், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவன். ஆனால் எனக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருத்தன்தான். அந்த மாலையை நீ போட்டால்தான் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறதாக நான் நினைப்பேன்.

நடந்ததை நடந்தபடி எழுது. நகைக்கடை அலைச்சல் வேறு என்னைக் கொல்கிறது. அவளுடைய இடது காது ஓட்டை கீழே இறங்கி இருப்பதால் எந்த ஜிமிக்கி போட்டாலும் ஒரு பக்கம் சாய்கிறது.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அக்கா,
தமிழ்ச்செல்வி


ஜெர்மனி
17.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இன்னும் குளிர். உடம்பு பரவாயில்லை. அந்த ‘ஒரு நிமிஷம்’ என்னைச் சுட்டது. நானும் கையால் எழுதுகிறேன்.

ரோகிணி என் மடியில்தான் இருந்தாள். இதில் என்ன சந்தேகம்? அவள் மொட்டைத்தலைச் சந்தனம் என் சட்டையில் ஒட்டியது. ரோஸ் கலர் பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். நடிகர் மடியில் உட்கார வைத்ததெல்லாம் காது குத்தி முடித்த பிறகு, படத்துக்காக. மாப்பிள்ளையிடமும் அப்படியே சொல்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று மச்சான் போனில் கேட்டாரே, சொல்கிறேன். ஓர் ஓபராவை இயக்குகிறேன். ஓபரா என்பது தொடக்கம் முதல் கடைசி வரை பாடியே நடிக்கிற நாடகம். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, சங்கீதமும் அரைகுறைதான். சினிமாவில் பிடிக்காததை வெட்டிவிடலாம். சீரியலில் தெரியாததை இழுத்துவிடலாம். இங்கே வாத்தியம் ஆரம்பித்துவிட்டால் என்னைக் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. நேற்று பழக்கதோஷத்தில் “கட்” என்று கத்திவிட்டேன். எழுபது பேர் வாசித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதில் இந்த வேலையை ஏன் ஒத்துக்கொண்டேன் என்று எனக்கே புரியவில்லை.

முதல் காட்சி ஜூன் 7, சனிக்கிழமை மாலை. கல்யாணம் மறுநாள் காலை. ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

உன் தம்பி,
நல்லகாமன்


விளாங்குடி
27.4.2025

அன்புத் தம்பிக்கு,

பாவாடை பச்சை. படத்தில் பச்சை. பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன், அதுவும் பச்சை. ரோஸ் எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். அது பத்து வருஷம் கழித்து இவளுடைய சடங்குக்கு எடுத்தது. நீ ஒன்றோடு ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாய்.

அந்தச் சடங்கையும்தான் உன் சீரியலுக்கு எடுத்தாய். மாமன் சீர் ஐம்பத்தொரு தட்டு, கொட்டுமேளத்தோடு எங்கள் தெருவே அடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மாமியார் மட்டும் ஒரு மாம்பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “இம்புட்டும் தெர்மாகோலா?” என்றார். மறுநாள் உன் ஆட்கள் வேன் கொண்டுவந்து தட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நான் சிரித்துச் சமாளித்தேன். இப்போது நினைத்தால் அழுகை வருகிறது. இதுவரை நீ எனக்குச் செய்ததில் எது எனக்குச் செய்தது, எது உன் தொழிலுக்குச் செய்தது? நீயாவது பிரித்துச் சொல்வாயா?

வழி பார்க்கிறேன் என்று சொல்லாதே. வருவாயா, மாட்டாயா என்று சொல். மாலைக்குச் சொல்ல வேண்டும். ரோகிணி தினமும், “சுருளி மாமாகிட்டச் சொல்லிட்டியா?” என்று கேட்கிறாள்.

குழப்பத்தோடு,
அக்கா


ஜெர்மனி
8.5.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாவாடையில் நான் தோற்றதும் மற்றதிலும் சந்தேகம் வந்துவிட்டது. பாவாடை பொய்யென்றால் சந்தனமும் பொய்யா? அன்றைக்கு என்னிடம் உதவி இயக்குநராக இருந்த மொக்கைச்சாமியைச் சென்னையில் தேடிப் பிடித்துப் பேசினேன். அவன் யோசிக்கவே இல்லை. “அண்ணே, நீங்க கேமரா பக்கத்துலதான் நின்னீங்க. குத்துறதே ஹீரோ மடியில வச்சுத்தான். நீங்க பாப்பாவப் பாக்கல, வெயில் போயிருமேன்னு வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க” என்றான். பாப்பா அலறியது, நான் ஓகே சொன்னது, உடனே ஹீரோவுக்கு மாற்று வேட்டி கேட்டதால் அவன் வேனுக்கு ஓடியது எல்லாம் வரிசையாகச் சொல்கிறான். எதற்கு வேட்டி மாற்றினார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

இருபத்துநாலு வருஷமாக என் மடியில்தான் என்று நம்பியிருந்தேன் அக்கா. பேட்டிகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காட்சியை எடிட்டிங்கில் ஆறு மாசம் பார்த்துப் பார்த்து, அந்த மனுஷனை எடுத்துவிட்டு என்னை உட்கார வைத்துக்கொண்டேனோ என்னவோ.

எது உனக்கு, எது தொழிலுக்கு என்று பிரித்துச் சொல்லச் சொன்னாய். உனக்கென்றுதான் செய்தேன். பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு கேமரா இருக்கிறது.

மாலையைச் சுருளி போடட்டும். ரோகிணி சொல்வதுதான் நியாயம். அன்றைக்கு இல்லாதவன் இன்றைக்கு மட்டும் வந்து உரிமை கேட்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு.

நல்லகாமன்


விளாங்குடி
21.5.2025

தம்பி நல்லகாமா,

உன் கடிதத்தைப் பார்த்தேன். சுருளிக்குப் போன் போட எடுத்தேன், வைத்தேன். அதற்குள் ஜிமிக்கிப் பிரச்சினை முற்றியது. கடையில், இந்த இடது காது பாரம் தாங்காது, வேறு இடத்தில் குத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழங்காநத்தத்தில் அன்றைக்கு இவளுக்குக் காது குத்திய ஆசாரியே இன்னும் பட்டறை வைத்திருக்கிறார். நானும் ரோகிணியும் போனோம்.

அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“சூட்டிங்குல குத்துன பாப்பால்ல இது? வலது காத அந்த நடிகரு மடியில வச்சுக் குத்துனேன். பாப்பா பயத்துல அவரு வேட்டிய நனைச்சுப்புடுச்சு. மனுசன் எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னொரு காது கெடக்கேன்னு நான் முழிச்சேன். அப்பத்தான் உங்க தம்பி வந்து மடியில தூக்கி வச்சாரு. பாப்பா, ‘வேணாம் மாமா’ன்னுச்சு. அம்புட்டுத்தான், அவரு பிடிய விட்டுட்டாரு. பிள்ளை திமிர, நான் குத்த, எடம் எறங்கிப் போச்சு. என் கையில எறங்குன காது அது ஒண்ணுதான். எப்படிம்மா மறக்கும்?”

கேமரா அப்போது ஓடவில்லையா என்று கேட்டேன். அதைத்தான் அடுத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்றார்.

உன் மொக்கைச்சாமி பொய் சொல்லவில்லை. வேட்டி எடுக்கப் போனவன் எதைப் பார்த்திருப்பான்? நீயும் பொய் சொல்லவில்லை. பாவாடைதான் தப்பு.

ஆசாரி, இதை மூடிவிட்டு மேலே புதுசாகக் குத்தித் தருகிறேன், கல்யாணத்துக்குள் ஆறிவிடும் என்றார். ரோகிணி அந்தக் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சின்னதிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று இந்தக் காதைத் திட்டாத நாள் கிடையாது. கடைசியில், “வேணாம். இப்படியே இருக்கட்டும்” என்று எழுந்துவிட்டாள். பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும் என்னிடம், “சுருளி மாமாகிட்டச் சொல்லிட்டியா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப சொல்லாத” என்றாள்.

இதைப் படித்துவிட்டு உன் மனசுக்கு என்ன தோன்றுகிறதோ செய். உன் தொழிலைக் கெடுத்துக்கொண்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். மாலைக்கு மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா


ஜெர்மனி
30.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு நாளாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. கோயில் வருகிறது, குதிரை பொம்மைகள் வருகின்றன, வெயில் வருகிறது. பிள்ளை ‘வேணாம் மாமா’ என்றது வரவே மாட்டேன் என்கிறது. அந்த ஒன்றை மட்டும் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. ஆசாரியின் ஞாபகத்தை நம்பித்தான் வருகிறேன்.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை விமானம் ஏறி, சனிக்கிழமை மதியம் மதுரை வந்துவிடுவேன். முதல் நாள் முடிவில் இயக்குநர் மேடைக்கு வந்து எல்லாரையும் வணங்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். போகிறேன் என்றதும், விளையாடுகிறேனா என்று கேட்டார்கள். அப்புறம் கோபப்பட்டார்கள். இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். என் இடத்தில் என் உதவியாளர் பெண் வந்து வணங்குவாள். எனக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது நம் வீட்டுக்குப் புதிதா என்ன?

சீர்த்தட்டு எத்தனை என்று நீ சொல்லாதே. நானே நேரில் வந்து வாங்குகிறேன். மாம்பழத்தை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

வீடியோக்காரரிடம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது சத்தியம். மேடையில் எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா. நான் எங்கே நிற்க வேண்டும், எப்போது மாலையை எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
ரோகிணியின் மாமா